டெலி கன்வர்ட்டர் பொருத்திய டிஜிட்டல் கேமராவில் உயிரியல் பூங்கா விலங்குகளைப் படம் எடுப்பது எப்படி?

உயிரியல் பூங்காவில் படம் எடுக்கத் தொடங்குபவர் முதலில் சந்திக்கும் சிக்கல் தொலைவுதான். சென்னையை அடுத்த வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் இது நன்றாகவே தெரியும். 1855ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பின்னர் நெடுங்காலம் நகருக்குள் நெருக்கமான கூண்டுகளில் இயங்கிவந்த அந்தக் காட்சிசாலை, 1985ஆம் ஆண்டு வண்டலூர்க் காட்டு நிலத்துக்கு மாற்றப்பட்டபோது, கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்பிடங்கள் பல அமைக்கப்பட்டன. புலிக்கும் பார்வையாளருக்கும் இடையில் கம்பி இல்லை, அகழி இருக்கிறது. விலங்குக்கு இது பெரிய நன்மை. ஆனால் சாதாரண ஜூம் கேமராவுடன் தடுப்புச் சுவரருகே நிற்பவருக்கு, புலி படத்தின் நடுவில் ஒரு சிறு உருவமாகவே கிடைக்கும்.

இந்தத் தொலைவைக் கடக்க, லென்ஸ் மாற்ற முடியாத டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் வழி, லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தி, தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி கன்வர்ட்டர். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வண்டலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இதில் சொல்லப்படும் முறைகள் மைசூரு, இலங்கையின் தெகிவளை, சிங்கப்பூர் என எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும்.

கன்வர்ட்டர் செய்வது என்ன

டெலி கன்வர்ட்டர் என்ற பெயரில் இரண்டு வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. வாங்கும் முன் இரண்டையும் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். லென்ஸை மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் மற்றும் மிரர்லெஸ் கேமராக்களில், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பொருத்தப்படுவது ஒரு வகை. அது 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டாப் ஒளியையும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப் ஒளியையும் இழக்கச் செய்யும் (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் ஒளி பாதியாவது). நாம் பேசும் வகை லென்ஸின் முன்னால் உட்காருவது. முன்புறம் ஒளியைக் குவிக்கும் பெரிய வில்லைத் தொகுதியும், பின்புறம் அதை மறுபடி இணைகதிராக்கும் சிறிய வில்லைத் தொகுதியும் கொண்ட இதன் அமைப்பு, கலிலியோ வகைத் தொலைநோக்கியின் அமைப்பேதான். இது ஒளியை ஏறக்குறைய இழப்பதில்லை என்பதே இதன் மிகப் பெரிய சிறப்பு. எஃப் 3.7 என்ற துளையில் (எஃப் எண் கூடக் கூட, லென்ஸில் ஒளி நுழையும் துளை சிறுக்கும்) எடுத்துக்கொண்டிருந்தவர், கன்வர்ட்டரைப் பொருத்திய பிறகும் அதே ஷட்டர் வேகத்தில், அதாவது ஒளியை உள்ளே விடும் அதே நேர அளவில், எடுக்கலாம்.

ஒலிம்பஸ் டிகான்-17, பானாசோனிக் டிஎம்டபிள்யூ-எல்டி55 ஆகிய இரண்டும் 1.7 மடங்கு பெருக்குபவை. ரேநாக்ஸ் டிசிஆர்-2025 ப்ரோ 2.2 மடங்கு பெருக்குவது. இவற்றில் பல இப்போது பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கின்றன. ஆனால் நன்றாகப் பராமரிக்கப்பட்ட கன்வர்ட்டர் பழையதாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. சில கைப்பேசிகளுக்கும் இதே கொள்கையில் இயங்கும் இணைப்பு லென்ஸ்கள் வரத் தொடங்கிவிட்டன.

கணக்குக்காக ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு வெளிவந்த பானாசோனிக் எஃப்இசட்50 கேமராவின் ஜூம், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவில் சொன்னால், 35 முதல் 420 மி.மீ. வரை செல்லும். 1.7 மடங்கு கன்வர்ட்டரைப் பொருத்தினால் முழு ஜூமில் அது 714 மி.மீ. ஆகிறது. 20 மீட்டர் தொலைவில் உள்ள விலங்கை எடுக்கும்போது, கன்வர்ட்டர் இல்லாமல் படச்சட்டத்துக்குள் 1.7 மீட்டர் அகலமுள்ள காட்சி அடங்கும். கன்வர்ட்டருடன் 1 மீட்டர் அகலம் மட்டுமே அடங்கும். அதாவது புலியின் தலையும் தோளும் சட்டத்தை நிரப்பிவிடும். 50 மீட்டர் தொலைவில் நின்றால், அதே புலி முழு உடலாகப் படத்துக்குள் வரும்.

விலங்கு பெரிதாகத் தெரிவது ஒரு பயன். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது: இவ்வளவு குறுகிய கோணத்தில் பார்க்கும்போது சிமெண்ட் சுவர், தண்ணீர்க் குழாய், அறிவிப்புப் பலகை, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பார்வையாளர் ஆகிய எல்லாவற்றையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட முடியும். நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்தாலே புலிக்குப் பின்னால் சுவர் இருந்த இடத்தில் மூங்கில் புதர் வந்துவிடும். பூங்காப் படங்களில் நல்லதையும் சுமாரானதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பின்னணித் தேர்வுதான் என்பது என் உறுதியான கருத்து. விலங்கைப் பார்த்தவுடன் பொத்தானை அழுத்தாமல், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்கப் பழகுங்கள்.

வாங்குவதும் பொருத்துவதும்

உங்கள் கேமரா லென்ஸின் முனையில் ஃபில்ட்டர் பொருத்தும் மரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாத கேமராக்களில் கன்வர்ட்டரை அந்த மரையில் நேரடியாகத் திருகலாம். எஃப்இசட்50 அத்தகையது, அதன் மரை 55 மி.மீ. லென்ஸ் வெளியே நீளும் கேமராக்களில், கேமரா உடலோடு பொருந்தி லென்ஸைச் சுற்றி நிற்கும் அடாப்டர் குழாய் ஒன்று தேவை. குழாய் இல்லாமல், நீளும் லென்ஸின் நுனியில் கனமான கன்வர்ட்டரை மாட்டக் கூடாது. அதன் எடை முழுவதும் ஜூம் மோட்டாரின் மீதும் மெல்லிய பல்சக்கரங்களின் மீதும் விழுந்து, சில நாட்களிலேயே பழுது வரும். மரை அளவு வேறுபட்டால் ஸ்டெப்-அப் வளையம் கொண்டு இணைக்கலாம், ஆனால் கன்வர்ட்டரின் பின்பக்க வில்லை உங்கள் லென்ஸின் முகப்பைவிடச் சிறியதாக இருந்தால் மூலைகள் இருண்டுபோகும்.

பழைய கன்வர்ட்டரை வாங்கும்போது, கைப்பேசியின் டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்வாக உள்ளே அடித்து, மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரக் காற்றில் வைக்கப்பட்ட லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். பூஞ்சை பிடித்ததை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சில தூசித் துகள்கள் இருந்தால் கவலையில்லை, அவை படத்தில் தெரிவதில்லை. மரையில் நெளிவு இருக்கிறதா என்பதையும் திருகிப் பார்த்தே வாங்குங்கள்.

பொருத்தும்போது விரல் நுனியால் மெதுவாகத் திருகினாலே போதும். முதல் சுற்றில் தடுத்தால் மரை ஏறுமாறாக அமர்ந்துவிட்டது என்று பொருள். எதிர்த்திசையில் திருப்பிக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பொருத்திய பின், கேமராவின் மெனுவில் கன்வர்ஷன் லென்ஸுக்கான அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். அதிர்வுக் குறைப்பும் ஃபோகஸும் கன்வர்ட்டருக்கு ஏற்றபடி இயங்க இது உதவும். உடலோடு சேர்ந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நீண்ட கன்வர்ட்டரின் நிழல் படத்தின் கீழ்ப்பகுதியில் விழும். அந்தச் சிறு ஃபிளாஷின் ஒளி அகழியைத் தாண்டிச் செல்லவும் போவதில்லை. விலங்குக்குத் தொல்லை தருவது மட்டுமே மிச்சம்.

இந்தக் கருவிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கன்வர்ட்டருடன் ஜூமைக் குறைத்தால், வட்டத் துளைக்குள் பார்ப்பதுபோல் மூலைகள் கறுத்துவிடும். ஆகவே முழு ஜூமிலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் இதைப் பயன்படுத்த முடியும். இரண்டாவது, அருகில் உள்ளவற்றை ஃபோகஸ் செய்ய முடியாது. மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவு, பெருக்கத்தின் இருமடி அளவுக்குக் கூடிவிடுகிறது. முழு ஜூமில் 2 மீட்டர் வரை நெருங்க முடிந்த கேமரா, 1.7 மடங்கு கன்வர்ட்டருடன் ஏறத்தாழ 6 மீட்டருக்கு அப்பால் உள்ளதைத்தான் தெளிவாகக் காட்டும். சிறிய பறவைக் கூண்டின் முன் நின்றுகொண்டு ஃபோகஸ் ஆகவில்லையே என்று திகைப்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே கன்வர்ட்டரைக் கழற்றி விடுவதே சரி. கழற்றியதும் அதன் இரு பக்கமும் மூடியைப் போட்டுப் பையில் வையுங்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

பூங்காவுக்குப் போகும் முன் வீட்டில் பழகுங்கள்

714 மி.மீ. ஜூமில் பார்வைக் கோணம் 3 பாகைகூட இல்லை. மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுத் தென்னையில் உட்கார்ந்திருக்கும் காகத்தைத் திரைக்குள் கொண்டுவர முயன்று பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்பது உடனே விளங்கும். முறை இது: ஜூமைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலைகள் இருண்டிருந்தாலும் பரவாயில்லை, தேடுவதற்கு மட்டும்தானே. பறவையை நடுவில் கொண்டுவந்து, கேமராவை அசைக்காமல் முழு ஜூமுக்குச் செல்லுங்கள். மற்றொரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தால் திசை தவறாது. சில மாலைகள் இப்படிப் பழகினால் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

பிடிக்கும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கை கன்வர்ட்டருக்கு அடியில் இருந்து எடையைத் தாங்க வேண்டும். வலது கை பொத்தானை இயக்க மட்டும். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். பின்திரையைப் பார்த்துக் கைகளை நீட்டி எடுப்பதைவிட, வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, கேமராவை நெற்றியோடு அணைத்து எடுத்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். மூச்சைப் பாதி வெளியேவிட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்கள்.

முக்காலி கொண்டுபோகலாமா என்பதைப் பூங்கா நுழைவாயிலில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அனுமதித்தாலும், கூட்டமான பாதையில் அது பிறருக்கு இடைஞ்சல். என் பரிந்துரை, அரிசி நிரப்பித் தைத்த ஒரு சிறு துணிப்பை. தடுப்புச் சுவரின் மேல் அதை வைத்து, கன்வர்ட்டரை அதில் பதித்துக்கொண்டால் முக்காலிக்கு நிகரான உறுதி கிடைக்கும். சுவர் இல்லாத இடங்களுக்கு ஒற்றைக்கால் மோனோபாட் போதும்.

நேரமும் நாளும்

வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறைக் காலங்களைத் தவிர்த்தால் அகழிச் சுவரருகே நிதானமாக நிற்க இடம் கிடைக்கும். நுழைவுச் சீட்டோடு கேமராவுக்கெனத் தனிச் சீட்டும் வாங்க வேண்டும். வழியில் கேட்பார்கள் என்பதால் அதைக் கையில் எடுக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். மின்சார ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கியோ, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தோ எளிதில் போய்ச்சேரலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் தலைக்கு மேல் ஏறி, விலங்குகள் நிழலில் படுத்துவிடும். அந்த மாதங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் அலை, தொலைவிலுள்ள விலங்கின் உருவத்தை நெளியச் செய்யும். கன்வர்ட்டர் விலங்கைப் பெருக்குவதுபோல் அந்த நெளிவையும் பெருக்கிவிடும். இதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை உள்ள காலமே மிக ஏற்றது. வெயில் சாய்வாக விழும், செடிகொடிகள் பசுமையாக இருக்கும், விலங்குகளும் பகலில் நடமாடும்.

பூங்கா திறந்த முதல் ஒன்றரை மணி நேரமும், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் பொன்னான பொழுதுகள். ஊனுண்ணிகளுக்கு மாலையில் இரவுக் கூடத்தில் உணவு வைக்கும் வழக்கமுள்ள பூங்காக்களில், சிங்கமும் புலியும் அந்த நேரம் நெருங்க நெருங்க எழுந்து, கூடத்தின் கதவை நோக்கி வருவதைப் பார்க்கலாம். பராமரிப்பாளர்களிடம் மரியாதையாக, அவர்களுடைய வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் கேளுங்கள். எந்தப் புலி எந்தப் பாறையில் எப்போது வந்து படுக்கும் என்பது அவர்களைப்போல் வேறு எவருக்கும் தெரியாது.

602 ஹெக்டேர் பரப்புள்ள பூங்காவை ஒரே நாளில் முழுவதும் படமெடுத்துவிட முயல்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்வது. மூன்று அல்லது நான்கு அடைப்பிடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். தூங்கும் விலங்கு எழும், கொட்டாவி விடும், நீர் குடிக்கும், மரத்தில் நகம் தீட்டும். நடந்துகொண்டே இருப்பவருக்கு இவை ஒன்றும் கிடைப்பதில்லை.

அமைப்புகள்

முழு ஜூமில் கையில் பிடித்து எடுக்கும்போது, ஷட்டர் வேகத்தின் கீழெண் லென்ஸின் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 714 மி.மீ.க்கு அது 1/800 நொடி என்று வருகிறது. அதிர்வுக் குறைப்பு இருந்தால் அசையாமல் படுத்திருக்கும் விலங்குக்கு 1/200 வரைகூட இறங்கலாம். ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் போக்கும், விலங்கின் அசைவை நிறுத்தாது. நடக்கும் விலங்குக்கு 1/500, மரத்தில் தாவும் குரங்குக்கு 1/1000 தேவை.

துளையை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அபர்ச்சர் முன்னுரிமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) 100, துளை எஃப் 5.6 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/800 அளவில் வரும். இது வசதியான தொடக்கம். கன்வர்ட்டரின் ஓரங்களில் தெரியும் ஊதா, பச்சை நிறக் கரைகளும் இந்தத் துளையில் குறையும். மர நிழலில் துளையை முழுவதும் திறந்து ஐஎஸ்ஓவை 400 வரை உயர்த்துங்கள். சிறு சென்சார் கேமராக்களில் 400க்கு மேல் மயிர்களின் நுணுக்கம் கலங்கத் தொடங்கும் என்றாலும், அசைந்து மங்கிய படத்தைவிடப் புள்ளிகள் கொண்ட கூர்மையான படம் எப்போதும் மேல். எஃப் 8க்கு மேல் துளையைச் சுருக்க வேண்டாம். சிறு சென்சாரில் அது கூர்மையைக் கெடுக்கும்.

ஃபோகஸுக்கு நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை விலங்கின் கண்ணில் நிறுத்துங்கள். இவ்வளவு பெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. புலியின் மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் அந்தப் படம் பயன்படாது. கண் கூர்மையாக இருந்து காது மங்கினால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். தொடர்படம் எடுக்கும் அமைப்பில் மூன்று நான்கு படங்களாக எடுங்கள். விலங்குகள் இமைக்கும் கணங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம்.

வெளிச்ச அளவில் கேமரா சொல்வதை அப்படியே நம்பக் கூடாத விலங்குகள் சில உண்டு. வெள்ளைப் புலி சட்டத்தை நிரப்பினால், கேமரா அந்த வெண்மையை மிகுந்த வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கி, புலியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் கூட்டுங்கள். கரடிக்கு நேர் எதிர்: கறுப்பு உடல் வெளிறிப்போகாமல் இருக்க அதே அளவு குறையுங்கள். எல்லாவற்றிலும் சிக்கலானது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்தக் குரங்கின் முகம் கன்னங்கறுப்பு. அதைச் சுற்றியுள்ள பிடரி வெள்ளிச் சாம்பல். முகம் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் பிடரியின் மயிர்கள் வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துவிடும். பிடரியின் நுணுக்கம் நிற்கும்படி எடுத்து, முகத்தின் நிழலைப் பின்னர் கணினியில் தூக்குவதே சரியான வழி. மேகம் சூரியனை மறைக்கும் கணம் வரை காத்திருந்தால் அந்த வேலையும் மிச்சமாகும்.

கம்பி வலை

அகழி இல்லாத அடைப்பிடங்களில், குறிப்பாகக் குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் சிறுத்தைக்கும், கம்பி வலை உண்டு. வலையைப் படத்திலிருந்து மறையச் செய்ய முடியும் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. கன்வர்ட்டர் இங்குதான் மிகப் பெரிய துணையாக நிற்கிறது; காரணத்தைத் தெரிந்துகொண்டால் முறை தானாக விளங்கும்.

எஃப்இசட்50இன் முழு ஜூமில் லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு 88.8 மி.மீ.; எஃப் 3.7இல் ஒளி நுழையும் துளையின் விட்டம் 24 மி.மீ. 1.7 மடங்கு கன்வர்ட்டரைப் பொருத்தினால், முன்னாலிருந்து ஒளி நுழையும் வட்டம் ஏறத்தாழ 41 மி.மீ. ஆகிறது. 3 மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்று இந்த வட்டத்தின் குறுக்கே மிக அருகில் நின்றால், அது மறைப்பது வட்டத்தின் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மீதிப் பரப்பு முழுவதும் கம்பியைச் சுற்றிக்கொண்டு விலங்கைப் பார்க்கிறது. ஆகவே கம்பி, கோடாகத் தெரியாமல் படம் முழுவதும் பரவிய மெல்லிய மங்கலாகக் கரைந்துவிடுகிறது. துளையை எஃப் 8க்குச் சுருக்கினால் அந்த வட்டம் 19 மி.மீ. ஆகச் சிறுத்து, அதே கம்பி ஐந்தில் ஒரு பங்கை மறைக்கும்; படத்தின் குறுக்கே சாம்பல் பட்டை தெரியத் தொடங்கும்.

ஆகவே வலைக்கு முன் நான்கு விதிகள். துளையை முழுவதும் திறவுங்கள். பார்வையாளர் தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு வலையை நெருங்குங்கள். விலங்கு வலையிலிருந்து விலகி, அடைப்பிடத்தின் உட்பகுதியில் இருக்கும்போது எடுங்கள். அது வலையோடு ஒட்டி நின்றால் எந்த லென்ஸாலும் வலையை மறைக்க முடியாது. நான்காவது, பலரும் கவனிக்காதது: வெயில் படாத வலைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் மின்னும் கம்பி எவ்வளவு மங்கினாலும் படத்தின் மேல் வெள்ளை மூட்டமாகப் படியும். நிழலில் உள்ள கம்பி அடையாளம் இல்லாமல் போகும். வலையின் மீது நண்பரின் நிழல் விழும்படி அவரை நிற்கச் சொன்னால்கூட வேலை நடக்கும். தானியங்கி ஃபோகஸ் விலங்கை விட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டால், அதே தொலைவில் வலை குறுக்கிடாத ஒரு மரத்தை ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டுத் திரும்புங்கள், அல்லது கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

எவ்வளவு ஆசை இருந்தாலும், தடுப்பைத் தாண்டிச் சென்று லென்ஸை வலையில் ஒட்டக் கூடாது. குரங்கின் கை வலைக்கு வெளியே எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் கணக்கிட்டுத்தான் அந்தத் தடுப்பை அங்கே வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடி அடைப்புகளில் கன்வர்ட்டருக்கு வேலை குறைவு. பாம்பும் உடும்பும் ஆறு மீட்டருக்குள்தான் இருக்கும். கழற்றிவிட்டு, ரப்பர் லென்ஸ் ஹூட் ஒன்றைக் கண்ணாடியில் மென்மையாக அழுத்தி வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு நின்றுவிடும். சிங்க உலாவிடத்துக்குச் செல்லும் வாகனத்திலிருந்து எடுக்கும்போது, கன்வர்ட்டரை ஜன்னல் சட்டத்தில் சாய்க்காதீர்கள்; என்ஜினின் அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும். உடலைத் தளர்வாக வைத்து, 1/1000 வேகத்தில், வண்டி நிற்கும் கணங்களில் மட்டும் எடுங்கள்.

விலங்கின் பக்கம்

விலங்கு நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கைதட்டுவதும், சீட்டியடிப்பதும், கல்லெறிவதும் எல்லாப் பூங்காக்களிலும் காணக்கிடைக்கும் வேதனையான காட்சிகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், துன்புறுத்துவதையும், அவற்றுக்கு உணவு கொடுப்பதையும், சத்தமிட்டுத் தொல்லை தருவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, படத்துக்கும் இதனால் நன்மை இல்லை. மிரண்ட விலங்கின் காதுகள் பின்னால் மடிந்து, உடல் இறுகி, அடுத்த கணமே அது திரும்பிச் சென்றுவிடும். அமைதியாக நிற்பவரைத்தான் விலங்கு தன் விருப்பத்தில் ஏறிட்டுப் பார்க்கும். அந்தப் பார்வையை எடுக்கத்தானே தொலைவிலிருந்து எட்டும் இந்தக் கருவியை வாங்கினோம்.

புலியோ கரடியோ ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடந்தால், அது மன இறுக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். அந்தத் தடத்தில் ஓரிடத்தில் ஃபோகஸைப் பூட்டிவைத்துக்கொண்டால் சுலபமாகப் படம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆயினும், அந்த நடையைக் கம்பீரமான உலா என்று தலைப்பிட்டுக் காட்டுவது சரியல்ல என்று நினைக்கிறேன். அது நின்று மோப்பம் பிடிக்கும்வரை, நீரில் இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

வீடு திரும்பிய பின்

படங்களை முழு அளவில் திறந்து, கண் கூர்மையாக இல்லாதவற்றை முதலில் நீக்குங்கள். வலை வழியாக எடுத்தவை வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். படத் திருத்த மென்பொருளில் கறுப்பு, வெள்ளை அளவுகளை மாற்றும் லெவல்ஸ் அமைப்பில் கறுப்பு முனையைச் சற்று உள்ளே இழுத்தால் நிறங்கள் மீண்டு வரும். கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறக் கரை இருந்தால், நிறப் பிறழ்ச்சியை நீக்கும் வசதி டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களிலேயே உண்டு. கூர்மையைக் கூட்டுவதைக் கடைசியில், சிறிதளவே செய்யுங்கள். அதிகமானால் மயிர்கள் கம்பிபோல் விறைத்துவிடும்.

அன்றிரவே கன்வர்ட்டரைக் கழற்றி, ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, மென்துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். தோல் பையிலேயே மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சை நிச்சயம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், ஈரம் ஏறி நிறம் மாறியதும் அதை மட்டும் வெளியே எடுத்து வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறியதும் மறுபடி டப்பாவில் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.